ஐயத்தைக் கடந்து அறிவைத் தேடியவர்: இமாம் கஸ்ஸாலி

திருக்கோவிலிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோர வீதியில் பயணம் செய்பவர் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஊர்களைக் கடந்து செல்வார். ஒரே கடல், ஒரே வயல்வெளி, ஒரே மொழி. எனினும் ஓர் ஊரில் பிறந்த குழந்தை கோயில் மணியோசை கேட்டு வளர்கிறது. அடுத்த ஊரில் பிறந்த குழந்தை பாங்கொலி கேட்டு வளர்கிறது. பத்து வயதாகும்போது இரு குழந்தைகளும் தத்தம் வீட்டில் கேட்டவற்றை ஐயமின்றி நம்புகின்றன. தொட்டில் இடம் மாறியிருந்தால் நம்பிக்கையும் மாறியிருக்குமல்லவா என்ற கேள்வி அக்குழந்தைகளுக்கு எழுவதில்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கும் எழுவதில்லை.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞருக்கு அக்கேள்வி எழுந்தது. கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும் யூதர் வீட்டுப் பிள்ளைகள் யூதராகவும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முஸ்லிமாகவுமே வளர்வதை அவர் கவனித்தார். எல்லாக் குழந்தைகளும் இயற்கைத் தூய்மையுடன் பிறக்கின்றன, பெற்றோரே அவற்றை ஒரு வழியில் சேர்க்கின்றனர் என்ற கருத்துடைய நபிமொழியும் அவர் சிந்தையைக் கிளறியது. அப்படியானால் பெற்றோரும் ஆசிரியரும் தந்தது எவ்வளவு, நானே அறிந்தது எவ்வளவு என்று அவர் தம்மையே கேட்டார். அவர்தாம் இஸ்லாமிய உலகம் ஹுஜ்ஜதுல் இஸ்லாம் எனப் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மத் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் இமாமவர்களின் பெயர் ஒலிக்காத நாள் குறைவு. அவரது இஹ்யா உலூமித்தீனின் பல பகுதிகள் தமிழிலும் வெளிவந்து வாசிக்கப்பட்டுள்ளன. ஆயினும் நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் பதில்களைத் தந்த கஸ்ஸாலியை மட்டுமே. அப்பதில்களை அடைவதற்கு முன் தாம் அறிந்த அனைத்தையும் ஐயுற்ற கஸ்ஸாலியை நாம் அதிகம் அறிந்திருக்கவில்லை.

பாரசீகத்தின் வடகிழக்கே, குராஸான் பிரதேசத்தின் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், அவர் பிறந்தார் என்பது மரபுவழிக் கணக்கு. இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்கு அருகில் அவ்விடம் உள்ளது. தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முஹம்மத், அஹ்மத் என்னும் தம் இரு புதல்வரையும் ஒரு சூபி நண்பரின் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் காலமானார். விட்டுச் சென்ற சிறு தொகை தீர்ந்ததும் அந்த நண்பர் சிறுவர் இருவரையும் மத்ரஸாவில் சேரச் சொன்னார். அங்கு உணவும் உறைவிடமும் கிடைக்கும் என்பதே காரணம். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி அது என்பதைப் பிற்காலத்தில் இமாமவர்கள் மறைக்கவில்லை.

அவரது மாணவப் பருவத்து நிகழ்ச்சியொன்றை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். ஜுர்ஜான் நகரில் பயின்று ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவரது பொருள்களைப் பறித்தனர். பாடக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு அவர் பின்தொடர்ந்து சென்று மன்றாடினார். தாளைப் பறித்தவுடன் பறிபோய்விடும் கல்வி என்ன கல்வி என்று கொள்ளையர் தலைவன் நகைத்தபடி குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த நகைப்பு இளைஞரைச் சுட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளை அக்குறிப்புகள் முழுவதையும் மனத்தில் பதிப்பதிலேயே செலவிட்டாராம். எழுதி வைத்திருப்பதற்கும் அறிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு உணர்த்திய முதல் ஆசான் ஒரு வழிப்பறிக்காரன் எனலாம். மனனம் செய்திருப்பதற்கும் உண்மையென அறிந்திருப்பதற்கும் இடையிலுள்ள இன்னொரு வேறுபாடு பின்னரே அவருக்குப் புலப்பட்டது.

பின்பு நைஷாப்பூர் சென்று அக்காலத்தின் தலைசிறந்த அறிஞரான இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனி அவர்களிடம் பயின்றார். 1085இல் ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக்கியப் பேரரசின் ஆற்றல்மிக்க அமைச்சர் நிழாமுல் முல்க்கின் அவையை அடைந்தார். அறிஞர்கள் வாதிட்டுத் திறமை காட்டும் களம் அது. அங்கு அவரை வெல்வார் இல்லை. 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பேராசிரியராக அமைச்சர் அவரை நியமித்தார். அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் அறிஞர் அடையக்கூடிய மிக உயர்ந்த ஆசனங்களில் அது ஒன்று. முந்நூறு மாணவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். கலீபாவும் அமைச்சர்களும் அவரிடம் கருத்துக் கேட்டனர்.

இவ்வளவும் பெற்ற மனிதர் தம் வாழ்வின் ஒரு கட்டத்தில் எதையும் உறுதியாக அறியமாட்டாதவராக இருந்தார் என்பதே வியப்பு. அதை அவரே பின்னாளில் அல்முன்கித் மினள் ளலால் (வழிகேட்டிலிருந்து மீட்பது) என்ற சிறு நூலில் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அது எவருக்கும் தெரிந்திருக்காது.

உறுதியான அறிவு எது என்பதற்கு அவர் முதலில் ஓர் அளவுகோல் வகுத்தார். மூன்றைவிடப் பத்துப் பெரிது என்று நான் அறிவேன். ஒருவர் வந்து மூன்றே பெரிது எனக் கூறி, அதற்குச் சான்றாகத் தம் கைத்தடியைப் பாம்பாக மாற்றிக் காட்டினாலும் அவரது வித்தையைக் கண்டு வியப்பேனேயன்றிப் பத்தைப் பற்றி ஐயங்கொள்ளேன். இத்தகைய அசையாத அறிவுக்கே உறுதி என்று பெயர். இந்த அளவுகோலை வைத்துத் தம்மிடமிருந்த அறிவுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். மரபாகக் கேட்டு வந்தவை முதலில் கழன்றன. எஞ்சியவை இரண்டு: புலன்கள் காட்டுபவை, பகுத்தறிவின் அடிப்படை உண்மைகள்.

புலன்களை நம்பலாமா? முற்றத்துத் தென்னையின் நிழலை உற்றுப் பாருங்கள். அது நின்ற இடத்தில் நிற்பதாகவே கண் சொல்லும். ஒரு நாழிகை கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கும். ஒரு கணமும் நிற்காமல் சிறிது சிறிதாக அது நகர்ந்துகொண்டே இருந்தது. இரவில் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்தால் விண்மீன் ஒரு காசளவே தெரியும். அது பூமியைவிடப் பெரியது என்று கணிதம் நிறுவுகிறது. நிழலும் விண்மீனும் இமாமவர்களே தந்த உதாரணங்கள். தென்னையும் கடற்கரையும் மட்டும் நம்முடையவை. கண்ணின் சாட்சியத்தைப் பகுத்தறிவு பொய்யென்று தள்ளிவிட்டது.

அப்படியானால் பகுத்தறிவை நம்பலாமே என்று தோன்றும். இங்குதான் அவர் மற்றவர்கள் நிற்கும் இடத்தில் நிற்காமல் மேலும் ஓரடி வைத்தார். பகுத்தறிவு வந்து பொய்யாக்கும்வரை புலன்களும் நம்பத்தக்கவையாகவே இருந்தன. பகுத்தறிவுக்கு மேல் இன்னொரு நீதிபதி இருந்து, அவர் வரும்போது பகுத்தறிவின் தீர்ப்பும் பொய்யாகிவிட்டால் என்ன செய்வது? அத்தகைய நீதிபதியை இதுவரை காணவில்லை என்பது அவர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கனவு காணும்போது அனைத்தும் மெய்யாகவே இருக்கின்றன. விழித்த பிறகே பொய் எனத் தெரிகிறது. நாம் விழிப்பு என்று கொள்ளும் இந்நிலையும், இன்னொரு விழிப்பு வரும்போது கனவாக முடியாதென்று எவர் உறுதி கூற முடியும்?

இந்த வினாவுக்கு அவரிடம் விடையில்லை. விடை காண ஒரு நிரூபணம் வேண்டும். நிரூபணத்தை அடிப்படை உண்மைகளைக் கொண்டே கட்ட வேண்டும். அந்த அடிப்படைகளே ஐயத்துக்குள்ளாகிவிட்டால் எதைக் கொண்டு எதைக் கட்டுவது? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்நிலை நீடித்தது. வாயால் அவர் எதையும் மறுக்கவில்லை. உள்ளமோ எதையும் பற்றிக்கொள்ள முடியாமல் தவித்தது. அவர் அதை ஒரு நோய் என்றே குறிப்பிட்டார்.

நோய் தீர்ந்தது வாதத்தினால் அன்று. இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினாலேயே பகுத்தறிவின் அடிப்படைகள் மீண்டும் நம்பத்தக்கவையாயின என்று அவர் எழுதினார். இவ்விடத்தைப் பலரும் தவறாக வாசிப்பதுண்டு. அறிவைத் துறந்து ஒளியைப் பற்றினார் என்பர். உண்மையில் அந்த ஒளி அவருக்கு மீட்டுத் தந்தது பகுத்தறிவையேயாகும். அதே வேளையில், எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டோம் என்ற செருக்கை அது அவரிடமிருந்து நிரந்தரமாகப் பறித்துக்கொண்டது. அறிவின் அடித்தளம் தாம் சம்பாதித்தது அல்ல, தமக்கு அருளப்பட்டது என்று அறிந்தவர் பிறர் முன் இறுமாந்து நிற்க இயலாது.

ஐயத்திலிருந்து மீண்டவர், உண்மையைத் தேடுவோர் என அன்று அறியப்பட்ட நான்கு கூட்டத்தாரையும் ஆராயப் புகுந்தார். கலாம் எனும் இறையியல் அறிஞர், தத்துவவாதிகள், தவறிழைக்காத இமாமிடமிருந்தே உறுதியான அறிவைப் பெற முடியும் எனக் கூறிய பாதினிய்யாக்கள், சூபிகள் என்போரே அவர்கள். ஒரு கொள்கையை அக்கொள்கையின் ஆசான்களுக்கு நிகராகக் கற்காமல் மறுப்பது இருட்டில் கல்லெறிவதாகும் என்பது அவர் கருத்து. கற்பித்தலுக்கும் எழுத்துக்கும் இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில், ஆசிரியர் துணையின்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் தத்துவ நூல்களைப் படித்து முடித்தார். மேலும் ஓராண்டு அவற்றைச் சிந்தித்தார். தத்துவவாதிகளின் கொள்கைகளை விளக்கும் மகாஸிதுல் பலாஸிபா என்ற அவரது நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது, அவரையும் ஒரு தத்துவவாதி என்றே ஐரோப்பியர் எண்ணிக்கொண்டனர். பாதினிய்யாக்களின் வாதங்களை அவர் எடுத்துரைத்த தெளிவைக் கண்டு, எதிரிகளுக்கே துணை செய்துவிட்டார் என்று தம்மவர் சிலர் குறைகூறினர். மாற்றாரின் கருத்தை மாற்றாரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பது அறிஞரின் கடமை என்பதை அவர் எழுத்து காட்டுகிறது.

1095 தொடக்கத்தில் முற்றுப்பெற்ற தஹாபுதுல் பலாஸிபா, அல் பாராபி, இப்னு ஸீனா போன்றோரின் இருபது கருத்துகளை எதிர்த்தது. பஞ்சு நெருப்பைச் சேர்ந்தால் எரிகிறது. நாம் காண்பது சேர்ந்ததையும் எரிந்ததையுமே; நெருப்பே எரித்தது என்ற கட்டாயத் தொடர்பை எவரும் கண்டதில்லை என்று அதில் வாதிட்டார். இதனால் அவர் முஸ்லிம் உலகில் அறிவியலை அழித்துவிட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. இன்றைய வரலாற்றாய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. அவருக்குப் பின் நூறாண்டுகள் கடந்தும் முஸ்லிம் உலகில் வானியல் தழைத்தது. கணிதத்தையும் கிரகணக் கணிப்பையும் மார்க்கத்தின் பெயரால் மறுப்பவரை அவர் மார்க்கத்தின் அறிவற்ற நண்பர் என்றே கருதினார். எண்ணை மறுப்பவன் மார்க்கத்தைக் காக்கவில்லை, அதன் மீது சந்தேகத்தையே வரவழைக்கிறான் என்பது அவர் எச்சரிக்கை.

அதே நூலின் இறுதியில், உலகம் தொடக்கமற்றது, இறைவன் தனித்தனிப் பொருள்களை அவற்றின் தனித்தன்மையில் அறிவதில்லை, உடல்கள் உயிர்ப்பிக்கப்படமாட்டா என்ற மூன்று கருத்துகளைக் கொண்டோரை அவர் இறைமறுப்பாளர் எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் கடுமையை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் இப்னு ருஷ்த் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். ஆனால் இமாமவர்களே பின்னாளில் பைஸலுத் தப்ரிகா என்ற நூலை எழுதி, பிறரை இறைமறுப்பாளர் எனக் கூறுவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்தார். தம் குழுவின் கருத்திலிருந்து மயிரிழை விலகியவரையெல்லாம் மார்க்கத்திலிருந்து வெளியேற்றுவோரை அதில் வன்மையாகக் கண்டித்தார். 1109இல் குர்துபா நகரில் அவரது இஹ்யா பகிரங்கமாக எரிக்கப்பட்டது. உறுதியை மட்டும் கொண்டு அறிவைக் கொள்ளாதவர்களின் கையில் அவரது நூலே அகப்பட்டுச் சாம்பலாயிற்று.

1095 ஜூலையில் இரண்டாவது நெருக்கடி வந்தது. இம்முறை ஐயம் அறிவைப் பற்றியதன்று, தம்மைப் பற்றியது. சூபிகளின் நூல்களைப் படித்தபோது, அவர்களது அறிவு சொல்லால் அடைவதன்று, வாழ்ந்து அடைவது எனக் கண்டார். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. தாம் கற்பிப்பது எதற்காக என்று உள்நோக்கினார். புகழுக்காகவும் பதவிக்காகவுமே என்ற விடை கிடைத்தது. ஆறு மாதங்கள் போவதா இருப்பதா என்று ஊசலாடினார். ஒரு நாள் வகுப்பில் நா எழவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்து நோய் என்று கைவிரித்தனர். 1092இல் நிழாமுல் முல்க் கொலையுண்டதும், அதன் பின் எழுந்த அரச குழப்பங்களும் அவரது முடிவுக்குத் துணைக் காரணங்களாயின எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

அவ்வாண்டு நவம்பரில் மக்கா செல்வதாகக் கூறி பக்தாதை விட்டு வெளியேறினார். பிள்ளைகளின் பராமரிப்புக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். திமிஷ்கில் பெரிய பள்ளிவாசலின் மினாரத்தில் ஏறிக் கதவடைத்து நாள் முழுதும் தனித்திருந்தார். பின்னர் ஜெரூஸலம் சென்றார். ஹெப்ரோனில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கஸ்தலத்தில், அரசரிடம் செல்வதில்லை, அரசரின் பணம் பெறுவதில்லை, வாதப்போர் செய்வதில்லை என மூன்று உறுதிகள் பூண்டார். ஹஜ்ஜை நிறைவேற்றினார். நாற்பது நூல்களைக் கொண்ட இஹ்யா உலூமித்தீன் இந்த ஒதுங்கிய ஆண்டுகளிலேயே உருவானது. பிள்ளைகளின் அழைப்பு இறுதியில் அவரைச் சொந்த ஊருக்கு இழுத்து வந்தது.

1106இல், நிழாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார். வெளியே பார்த்தவர்களுக்கு அவர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டதாகத் தோன்றியது. முன்னர் பதவியைத் தேடித்தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் அறிவைக் கற்பிக்கிறேன் என்பது அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கணிப்பு. சில ஆண்டுகளில் தூஸ் திரும்பி, தம் வீட்டருகே மாணவர்க்கு ஒரு மத்ரஸாவும் சூபிகளுக்கு ஒரு தங்குமடமும் அமைத்து வாழ்ந்தார். 1111 டிசம்பரில் அங்கேயே காலமானார்.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், 1641இல், பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் வெளியிட்ட தத்துவ நூலிலும் புலன்களின் ஏமாற்றும் கனவின் மயக்கமும் ஏறத்தாழ இதே வரிசையில் வருகின்றன. ஒருவரை மற்றவர் வாசித்ததாக நிறுவப்படவில்லை. டெக்கார்ட் சிந்திக்கும் தம்மையே முதல் உறுதியாகக் கண்டார்; கஸ்ஸாலி தமக்கு அருளப்பட்ட ஒளியைக் கண்டார். தமிழ் மரபுக்கும் இத்தேடல் அந்நியமானதன்று. மணிமேகலையில் சமயவாதிகளின் வாதம் அளவைகளை எண்ணுவதிலிருந்தே தொடங்குகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் ஐயத்தையும் திரிபையும் விலக்கிய காட்சியே காட்சி என வகுத்து, அளவையை முதலில் வைத்த பிறகே கொள்கையைப் பேசுகிறது. எனவே எவ்வாறு அறிந்தாய் என்ற கேள்வி திருக்கோவிலுக்கும் கல்முனைக்கும் பொதுவான சொத்து.

அந்தச் சொத்தை நாம் பயன்படுத்தினோமா? இக்கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு மகிழத்தக்கதன்று. 1985இலும் 1990இலும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராயிருந்தே பகைவராயினர். எவர் சொன்னது, எவர் கண்டது என்று கேட்காமலே நம்பப்பட்ட செய்திகள் அந்தத் தீயில் எண்ணெயாயின. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில், தங்கள் வழியே மெய்வழி என்பதில் எள்ளளவும் ஐயமில்லாத சிலர் குண்டுகளை வெடிக்கவைத்துத் தம் குழந்தைகளையும் மாய்த்தனர். 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்ற கூற்றுக்குச் சான்று இருக்கவில்லை; உறுதி மட்டும் இருந்தது. 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல்கள் திரும்பவில்லை.

இந்நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று ஒப்பானவையல்ல. ஆயினும் அறியாததை அறிந்ததாகக் கொள்ளும் மனநிலை அவை அனைத்திலும் உண்டு. இமாம் கஸ்ஸாலியின் வாழ்வு அதற்கு எதிரான சாட்சியம். அவர் தம் மார்க்கத்தைக் கைவிடவில்லை. பிள்ளைப் பருவத்தில் பிறர் தந்ததாக இருந்த நம்பிக்கையை ஐயத்தின் நெருப்பில் இட்டு, தமக்கே உரியதாக மீட்டெடுத்தார். அவர் முதலில் ஐயுற்றது அயலவரின் அறிவை அல்ல, தம் அறிவையே. மாற்றாரை மறுக்கும் முன் மாற்றாரைக் கற்றார். தம் நோக்கம் பழுதெனக் கண்டபோது, உலகமே பொறாமை கொண்ட ஆசனத்திலிருந்து எழுந்து நடந்தார்.

நம் மத்ரஸாக்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் பதில்களைப் பிள்ளைகள் நன்றாகவே மனனம் செய்கின்றனர். அவற்றுடன், இது எனக்கு எவ்வாறு தெரியும் என்ற ஒரு கேள்வியையும் கற்றுக்கொடுப்போமாக. அக்கேள்வியைக் கேட்டதால் இமாம் கஸ்ஸாலியின் ஈமான் குறையவில்லை. நம் பிள்ளைகளின் நம்பிக்கையும் குறைந்துவிடாது.